ஐந்து வால்வுகளின் ஆயுள்

1980களின் நடுப்பகுதி வரைக்கும் வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ளத் தபால் ஆபீஸில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். சின்னப் புத்தகமாகத் தருவார்கள். வைத்திருப்பவர் பெயர், முகவரி, பெட்டி எந்தக் கம்பெனி, என்ன மாடல் என்ற விவரம், அதற்குப் பிறகு வருடா வருடம் பணம் கட்டியதற்கான முத்திரைகள். கொங்கு நாட்டுப் பழைய வீடுகளில் பத்திரம் வைத்திருக்கும் தகரப் பெட்டியைத் திறந்தால், கிரயப் பத்திரத்துக்கும் சிட்டா நகலுக்கும் நடுவில் இந்தப் புத்தகம் இன்னும் கிடைப்பதுண்டு. ரேடியோவின் ஜாதகம் அது. எந்த வருடம் வீட்டுக்குள் வந்தது, எந்த வருடம் வரைக்கும் பேசியது என்பதை முத்திரைகளே சொல்லிவிடும். முத்திரை நின்ற வருடத்தில் பெட்டி பரணுக்குப் போயிருக்கும்.

அப்படிப் பரணுக்குப் போன ஐந்து வால்வு ரேடியோவின் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்னார் வீட்டுப் பெட்டி என்று ஒன்றைச் சொல்லவில்லை. மர்பி, பிலிப்ஸ், புஷ், எக்கோ, ஜி.இ.சி., எச்.எம்.வி. என்று பெயர் எதுவானாலும், கோவை, பொள்ளாச்சி, ஈரோடு, தாராபுரம் பக்கம் வந்து சேர்ந்த பெட்டிகள் ஏறக்குறைய ஒரே வாழ்க்கையைத்தான் வாழ்ந்திருக்கின்றன.

கரண்ட் கம்பி போன வழியில்தான் ரேடியோவும் போனது. நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியபோது கோவையின் மில்களுக்கும் கிணற்று மோட்டார்களுக்கும் அது பெரிய வாழ்வு. கம்பி எட்டாத ஊர்களில் பேட்டரி செட். வால்வு சூடேற 1.5 வோல்ட், வேலை செய்ய 90 வோல்ட் என்று இரண்டு விதமான மின்சாரம் அதற்கு வேண்டும். பேட்டரி தீர்ந்தால் டவுனுக்குப் போய் வாங்கி வரும் வரைக்கும் பெட்டி ஊமை. அதனால் வீட்டு ரேடியோ வசதியானவர்களின் பொருளாகவே நெடுநாள் இருந்தது. மற்றவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ, பூங்காவில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், டீக்கடை பெஞ்சு.

கோவையில் அந்த நிலையை மாற்ற நினைத்த மனிதர் ஒருவர் இருந்தார். கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் தானே ஓட்டியவர். அப்படித் தொடங்கிய அவருடைய யு.எம்.எஸ். பின்னாளில் பெரிய பஸ் கம்பெனியானது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அவர் 1941-ல் அறிவித்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். யு.எம்.எஸ். பெயரிலேயே கோவையில் ரேடியோக்கள் தயாராயின. ரேடியோ வெளிநாட்டு அதிசயம் என்ற எண்ணம் இந்த ஊரில் சீக்கிரமே கலைந்ததற்கு அவர் முக்கியக் காரணம் என்று நான் நம்புகிறேன். 1937-ல் பீளமேட்டில் அவருடைய நேஷனல் எலெக்ட்ரிக் வொர்க்ஸில் பாலசுந்தரம் நாயுடு உருவாக்கிய மோட்டார்தான் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார். மோட்டாரைச் செய்கிற ஊரில் காயில் கட்டுகிறவர் இருப்பார். காயில் கட்டுகிறவர் இருந்தால் ரேடியோவுக்கும் வைத்தியம் உண்டு. இது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில், அந்த ஐந்து வால்வுகளும் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். ஏரியலில் வந்து மோதும் அலைகளில் நாம் கேட்க விரும்பும் நிலையத்தை கேங் கண்டென்சர் பிரித்தெடுக்கிறது. முதல் வால்வு அதோடு தானே உண்டாக்கும் இன்னொரு அலையைக் கலந்து, எந்த நிலையமானாலும் அதை 455 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணுக்குக் கொண்டுவருகிறது. இரண்டாவது வால்வு அதைப் பெருக்குகிறது. மூன்றாவது, அலையில் ஏறி வந்த குரலை மட்டும் இறக்கி எடுத்து, கொஞ்சம் வலுவூட்டுகிறது. நான்காவது அவுட்புட் வால்வு, ஸ்பீக்கரை அசைக்கும் சக்தியைத் தருகிறது. ஐந்தாவது, வீட்டுக்கு வரும் ஏசி கரண்டை டிசியாக மாற்றி மற்ற நான்குக்கும் படியளக்கிறது. சில பெட்டிகளில் மாயக்கண் என்று பச்சையாக ஒளிரும் வால்வு ஒன்று கூடுதலாக இருக்கும். நிலையம் சரியாக நின்றால் அதன் பச்சைப் பட்டை நெருங்கி மூடும்.

சுவிட்சைப் போட்டதும் பேசாது. வால்வுக்குள் இழை சூடேற அரை நிமிஷமாவது வேண்டும். டயல் விளக்கு முதலில் எரியும், பிறகு மெல்லிய உறுமல், அதற்குப் பின் குரல் எங்கிருந்தோ நடந்து வந்து அறைக்குள் நிற்கும்.

எந்தக் குரல்? சென்னையில் 1924-லேயே கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் ரேடியோ கிளப் ஒலிபரப்பு செய்திருந்தாலும், தமிழ்நாட்டுக்கு நிலையான வானொலி 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் வந்தது. கொங்கு நாட்டுப் பெட்டிகள் பல வருடம் திருச்சியைத்தான் நம்பியிருந்தன. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டுக்கு இடம் குறைத்ததும், டயல் முள் கொழும்புப் பக்கம் திரும்பியது. இலங்கை வானொலியின் சிற்றலை கொங்குச் சீமையின் தோட்டத்துச் சாளைகள் வரைக்கும் வந்து விழுந்தது. அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலுக்காகவும் பின்னர் அப்துல் ஹமீதின் குரலுக்காகவும் சுவரின் குறுக்கே செம்பு வலை ஏரியல் கட்டினார்கள். 1957-ல் விவித் பாரதி தொடங்கியதே அந்தப் போட்டியினால்தான். காலையில் டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசிக்கும் நேரத்தை வைத்தே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் ஒரு தலைமுறை. கோவைக்கென்று வானொலி நிலையம் 1966-ல் வந்தது. மத்திய அலையில் 999 கிலோஹெர்ட்ஸ். அதன் பிறகு மஞ்சளைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் பக்கத்து ஊர்ப் பேச்சிலேயே கேட்க முடிந்தது. விவசாயி ரேடியோவை எவ்வளவு நம்பினார் என்பதற்கு ஒரு சான்று போதும். திருச்சி வானொலி எடுத்துச் சொல்லித் தஞ்சாவூர்ப் பக்கம் பரவிய ஏடிடி 27 ரகத்துக்கு ஜனங்கள் வைத்த பெயரே ரேடியோ நெல்.

கொங்கு நாட்டில் இந்தப் பெட்டிக்கு ஒரு தனிக் கஷ்டமும் இருந்தது. பகலில் தோட்டங்களில் எல்லா மோட்டார்களும் ஓடும்போது ஊருக்குள் வோல்டேஜ் இறங்கிவிடும். குரல் சுருங்கும், சிற்றலை காணாமல் போகும். பெட்டியின் டிரான்ஸ்பார்மரில் 110, 200, 230, 250 என்று மாற்றிச் சொருகும் வசதி உண்டு. குறைந்த வோல்டேஜுக்கு ஏற்ப அதை இறக்கி வைத்தால் குரல் திரும்பிவிடும். ராத்திரி மோட்டார்கள் நின்றதும் வோல்டேஜ் துள்ளி ஏறும். இறக்கி வைத்ததை மறந்திருந்தால் வால்வுகளின் ஆயுள் கரையும்.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. நான்கு டார்ச் செல், தோளில் மாட்டப் பட்டை. ஆட்டுக்காரர் கூடவே ரேடியோ நடந்தது. மேஜையை அடைத்து நின்ற பெட்டி கூடத்திலிருந்து உள்ளறைக்கும், அங்கிருந்து பரணுக்கும் ஏறியது. கொஞ்சம் பெட்டிகள் அங்கேயே தங்கிவிட்டன. நிறைய, பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டி ஏறி கோவை உக்கடத்துப் பழைய மார்க்கெட்டுக்குப் போயின. அங்கே டிரான்ஸ்பார்மரைப் பிளந்து செம்பை உருவினார்கள், ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றினார்கள். எனக்கு அதைவிட வருத்தம் தருவது இப்போது நடப்பது. நல்ல மரப்பெட்டி கிடைத்தால் உள்ளே இருக்கும் சேசிஸை அப்படியே பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளங்கை அளவு ப்ளூடூத் போர்டைப் பொருத்தி ஓட்டலிலும் வரவேற்பறையிலும் வைக்கிறார்கள். இரும்புக்கடைக்காரர் தன் பிழைப்புக்காக உடைத்தார். இவர்கள் பழையதன் மேல் பிரியம் என்று சொல்லிக்கொண்டே உடைக்கிறார்கள். அந்தச் சேசிஸுக்குப் பெரும்பாலும் வேண்டியிருந்தது சில நூறு ரூபாய் கண்டென்சர்கள் மட்டும்தான்.

தப்பித்த பெட்டி ஒன்று மெக்கானிக் மேஜைக்கு வருகிறது என்று வையுங்கள். "ஏனுங்க, இது இன்னும் பேசுமுங்களா?" என்று கேட்டால், "பேசுமுங்க. நீங்க வீட்ல பிளக்ல சொருகிப் பாக்காம கொண்டாந்திருந்தா கண்டிப்பாப் பேசும்" என்பார் விவரம் தெரிந்தவர். கேலிப் பேச்சாகத் தோன்றும். ஆனால் வால்வு செட் வைத்தியத்தின் முதல் விதியே அதுதான்.

காரணம், கண்டென்சர்கள். கரண்டைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சருக்குள் ஈரமான ஒரு ரசாயனக் கலவை இருக்கிறது. முப்பது வருடம் பரணில் கிடந்தால் அது காய்ந்துவிடும், அல்லது உள்ளே இருக்கும் காப்புப் படலம் கெட்டுவிடும். திடீரென்று 250 வோல்ட் டிசி அதன்மேல் பாய்ந்தால் ஷார்ட்டாகி, ஐந்தாவது வால்வையும் மெயின் டிரான்ஸ்பார்மரையும் கூடவே கொண்டுபோகும். அதனால் மெக்கானிக் பின்பக்க அட்டையைக் கழற்றி, தூசியையும் எலிக்கூட்டையும் பிரஷ்ஷால் எடுத்த பிறகு, பெட்டியோடு 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரீஸில் கோர்த்துத்தான் கரண்ட் கொடுப்பார். பல்பு பளீரென்று முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். பளிச்சிட்டு மங்கினால் மேலே போகலாம்.

அடுத்தது நான் பக்கத்தில் இருந்து பார்த்து வியந்த வேலை. மூன்றாவது வால்வுக்கும் நான்காவது வால்வுக்கும் நடுவில், மெழுகு பூசிய பேப்பர் கண்டென்சர் ஒன்று இருக்கும். சுண்டுவிரல் நீளம், 0.01 அல்லது 0.02 மைக்ரோஃபாரட். அதன் வேலை குரலை மட்டும் அந்தப் பக்கம் விட்டு, மூன்றாவது வால்வின் உயர் வோல்டேஜைத் தடுத்து நிறுத்துவது. பேப்பர் வருடக்கணக்கில் ஈரம் இழுத்து, வோல்டேஜைத் துளித்துளியாகக் கசிய விடும். பெட்டி அப்போதும் பாடும். கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கசிவு அவுட்புட் வால்வின் கிரிட்டை பாசிட்டிவ் ஆக்கிவிடுவதால், வால்வு தாங்க முடியாத கரண்டை இழுக்கும். இருட்டில் பார்த்தால் அதன் உள் தகடு சிவந்து தெரியும். மெக்கானிக் மீட்டரின் ஒரு முனையை சேசிஸில் வைத்து, இன்னொன்றை அவுட்புட் வால்வான இஎல் 84-இன் இரண்டாம் பின்னில் தொடுகிறார். முள் அசையக் கூடாது. இரண்டு வோல்ட் ஏறினாலும் ஆஃப் செய்து, அந்த ஒரே கண்டென்சரை வெட்டி எடுத்து, 630 வோல்ட் தாங்கும் புதிய பிளாஸ்டிக் கண்டென்சரை வைத்து சோல்டர் செய்கிறார். டீ செலவை விடக் குறைந்த விலை. அதைச் செய்யாமல் விட்டால் போவது வால்வும், அதன் பின்னால் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும்.

அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விட்டால்தான் கோவையின் பலம் கைகொடுக்கிறது. மயிரிழைச் செம்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று உள்ளே. பழைய சுற்றைப் பிரித்து எண்ணி, அதே கேஜ் கம்பி தேடி, அடுக்குக்கு அடுக்கு காகிதம் வைத்துத் திரும்பச் சுற்ற வேண்டும். பம்பு மோட்டாருக்கும் சோக்குக்கும் காயில் கட்டிப் பழகிய கைகள் தெருவுக்குத் தெரு உள்ள ஊர் இது. முதல் தடவை கேட்டால் தயங்குவார்கள், கம்பி அவ்வளவு மெல்லியது. பழைய காயிலைக் கையில் கொடுத்துவிட்டால் செய்துவிடுவார்கள்.

பேச்சே வராத பெட்டியில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கப் பழைய மெக்கானிக்குக்கு எந்த மெஷினும் வேண்டாம். ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கி நடப்பார். வால்யூம் கண்ட்ரோலின் நடு முனையை ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் தொட்டால் ஸ்பீக்கரில் 'புர்ர்' என்று சத்தம் வர வேண்டும். வந்தால் அதற்குப் பிந்தைய பாகமெல்லாம் உயிரோடு இருக்கிறது, கோளாறு அதற்கு முன்னால். இப்படி ஒவ்வொரு நிலையாகத் தொட்டுத் தொட்டு ஏரியல் வரைக்கும் போய்விடுவார். எந்த இடத்தைத் தொடலாம், எதைத் தொட்டால் 250 வோல்ட் தூக்கி எறியும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். ஒரு கை வேலை செய்யும்போது இன்னொரு கை சட்டைப் பையில் இருக்கும். ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியே பாயாமல் இருக்க அந்தப் பழக்கம்.

டிரான்ஸ்பார்மரே இல்லாத ஏசி டிசி செட்டுகள் இன்னும் ஆபத்து. அவற்றில் கரண்டின் ஒரு முனை நேராகச் சேசிஸோடு சேர்ந்திருக்கும். குமிழ்களின் பக்கத்தில் ஸ்க்ரூ போகும் துளையை மெழுகு வைத்து அடைத்திருப்பதைப் பார்க்கலாம். அழுக்கு என்று நினைத்துச் சுரண்டிவிட வேண்டாம். விரல் ஸ்க்ரூவில் படாமல் காக்கத்தான் கம்பெனிக்காரர் அதை வைத்தார்.

டயல் கண்ணாடியும் அப்படித்தான். டெல்லி, பம்பாய், மெட்ராஸ், சிலோன் என்று எழுத்துகள் கண்ணாடியின் பின்பக்கத்தில் பெயிண்டில் அச்சாகியிருக்கும். ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும், ஊர்கள் துணியோடு வந்துவிடும். முன்பக்கம் மட்டும் துடையுங்கள், பின்பக்கத் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். எலி கடித்த ஸ்பீக்கர் கூம்பை டிஷ்யூ பேப்பரும் பசையும் கொண்டு ஒட்டிக்கொள்ளலாம். அந்த 455 கிலோஹெர்ட்ஸுக்கு இசைத்து வைத்திருக்கும் ஐ.எஃப்.டி. டப்பாக்களின் மேலிருக்கும் திருகுகளை மட்டும் யாரும் திருப்பக் கூடாது. அலைன்மென்ட் கலைந்தால் சிக்னல் ஜெனரேட்டர் வைத்திருப்பவரைத் தேடி அலைய வேண்டிவரும்.

வால்வு கிடைக்குமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1960களில் வால்வு தயாரிக்கத் தொடங்கியதால் இந்திய வால்வுகள் பழைய கடைகளில் இன்னும் பெட்டி பிரிக்காமல் அகப்படுகின்றன. இஎல் 84 உலகில் இன்றும் புதிதாகவே தயாராகிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டியது கிட்டார்க்காரர்களுக்கு. பீட்டில்ஸ் மேடையில் வைத்திருந்த வாக்ஸ் ஏசி 30 ஆம்ப்ளிஃபயரில் இருந்தது இதே வால்வுதான். அந்த ஓசை வேண்டும் என்று இன்றைய கிட்டார்க்காரர்களும் கேட்பதால் தொழிற்சாலை ஓடுகிறது, அதனால் பொள்ளாச்சியின் மர்பிக்கும் உயிர் இருக்கிறது. முதல் வால்வான இசிஎச் 81-க்கு அந்த யோகம் இல்லை. செத்த பெட்டிகளிலிருந்து எடுத்து வைத்திருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். அதனால்தான் எந்த சேசிஸையும் எறியாதீர்கள் என்று மன்றாடுகிறேன்.

சரிசெய்த பெட்டிக்கு இன்று வரும் பெரிய எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வர்ட்டர் எல்லாம் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை கரண்டை வெட்டி வெட்டி வேலை செய்பவை. அந்த இரைச்சல் மத்திய அலை முழுக்கப் பரவுகிறது. கோவை 999-ஐத் தேடினால் அதற்கு மேல் 'ஙொய்' என்ற சத்தம்தான் கேட்கும். மெயின் சுவிட்சை இறக்கி அறையறையாகப் போட்டுப் பார்த்தால் எந்தப் பல்பு குற்றவாளி என்று தெரிந்துவிடும். ஏரியலை வீட்டு ஒயரிங்கிலிருந்து விலக்கி வெளியே கொண்டுபோய்க் கட்டி, எர்த்தை ஈர மண்ணில் அடித்தால் பாதி இரைச்சல் போகும். மத்திய அலை நிலையங்கள் நாட்டில் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன என்பதும் உண்மை. ஆனாலும் கேட்கிற காது இல்லாததால் நிறுத்துகிறார்கள் என்ற பேச்சுக்கு, கேட்கிறோம் என்று பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

இதை வாசிக்கிறவர்களில் சிலர் வீட்டுப் பரணில் நிச்சயம் ஒரு பெட்டி இருக்கும். கீழே இறக்கிவிட்டு ஆசையில் பிளக்கில் சொருகாதீர்கள். ஒயரின் ரப்பரை வளைத்துப் பார்த்தால் உதிரும், அதுவே போதும் காரணம். உள்ளே கை வைக்காதீர்கள், ஆஃப் செய்த பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கும். பின் அட்டையில் ஒட்டியிருக்கும் காகிதத்தை, அது எவ்வளவு கிழிந்திருந்தாலும், போட்டோ எடுத்து வையுங்கள். எந்த வால்வு எங்கே என்பது அதில்தான் இருக்கிறது. வால்வு செட் தெரிந்த மெக்கானிக்குகள் பெரும்பாலும் வயதானவர்கள். வேலை தெரிந்தவர் கடை திறந்திருக்கும்போதே பெட்டியைக் கொண்டு போய்க் கொடுங்கள். போகும்போது வீட்டுப் பிள்ளை ஒன்றையும் அழைத்துப் போய், அவர் பிரித்து மாட்டி முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார வையுங்கள்.